உரலும் ரயிலும்: அதிர்வு என்னும் முறையீட்டின் சட்ட வரலாறு பற்றி ஒரு குறிப்பு

(நீண்ட பதிவு. சட்ட வரலாறு, நகர வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.)

இருப்புப்பாதை ஓரத்தில் குடியிருப்போர் நகராட்சிக்கும் ரயில்வேக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதும் மனுக்களில் ஒருவகை மனு தனித்து நிற்கிறது. புகை, குப்பை, ஒலி ஆகியவற்றைப் பற்றிய முறையீடுகளுக்கு இன்று ஒரு சட்டப்பெயரும் ஓர் அலுவலகமும் உண்டு. நள்ளிரவில் சரக்கு ரயில் கடக்கும்போது கட்டில் நடுங்குகிறது, அலமாரியில் பாத்திரம் உரசுகிறது, சுவரில் கோடு விழுகிறது என்னும் முறையீட்டுக்கோ அத்தகைய முகவரி இல்லை. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. அவை காதால் கேட்பதை மட்டுமே அளக்கின்றன. தரைவழியே வந்து உடம்பில் உணரப்படுவதை அவை கணக்கில் கொள்வதில்லை. இந்த இடைவெளி தற்செயலானது அன்று. அதற்கு 150 ஆண்டு வரலாறு இருக்கிறது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் மைசூருவின் தடங்களைச் சற்றே நினைவுகொள்வோம். பெங்களூரு–மைசூரு மீட்டர் பாதை 1882இல் நிறைவுற்றது. 1876–78 பெரும் பஞ்சத்தின் நிழலில் பிறந்த பணி அது. ஆட்சி உடையார் குடும்பத்துக்கு மீண்டபின் முதல் திவானான ரங்காசார்லு (செங்கற்பட்டுப் பக்கத்துக்காரர், மைசூரு வரலாற்றில் தமிழ்நாட்டவரின் பங்கு தனியே எழுதப்பட வேண்டியது) ரயில்பாதை விரிவையும் பிரதிநிதிகள் சபையையும் ஏறத்தாழ ஒரே மூச்சில் முன்னெடுத்தார். சபை 1881 அக்டோபரில் 144 உறுப்பினர்களோடு கூடியது. குறைகளைக் கேட்கும் அவை அது. முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ரயிலும் மனுவும் ஒரே காலத்தில் பிறந்த சமஸ்தானம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. 1891இல் நஞ்சன்கூடு வரை தடம் நீண்டது. 1903இல் இந்தியாவின் தொடக்ககால நகர மேம்பாட்டு அறக்கட்டளைகளுள் ஒன்று மைசூருவில் அமைந்து, புதிய குடியிருப்புகளை ஒழுங்குபடுத்தியது. நகரம் தென்திசையில் தடத்தை நோக்கி வளர்ந்து, பிறகு அதைத் தாண்டியும் வளர்ந்தது. சாமராஜபுரமும் அசோகபுரமும் இன்று அத்தடத்தின் நிலையப் பெயர்கள். அவை மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளின் பெயர்களும்கூட.

இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. தடம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் ஓடுவது மாறிவிட்டது. மீட்டர் பாதையில் இலேசான வண்டிகள் சென்ற அதே நிலப்பட்டையில் 2000களின் இறுதியில் அகலப்பாதை வந்தது. நஞ்சன்கூடு திசையில் கடகொளவில் கண்டெய்னர் முனையம் அமைந்தபின், அங்கே போகும் சரக்குத் தொடர்கள் நகரின் தென்பகுதியை ஊடுருவியே செல்ல வேண்டும். இன்றைய நிறைசுமைச் சரக்குப் பெட்டி ஒன்றின் ஒவ்வோர் அச்சும் தண்டவாளத்தின்மேல் ஏறத்தாழ 22.9 டன்னை இறக்குகிறது. நான்கு அச்சுகளுக்கு 91 டன்னுக்கும் மேல். அத்தகைய ஐம்பதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒரு தொடரில் உண்டு. பகலில் பயணிகள் வண்டிகளுக்கே தடம் போதாமையால் சரக்கு வண்டிகளுக்குப் பெரும்பாலும் இரவு வாய்க்கிறது.

நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றின்மேல் 1735இல் கட்டப்பட்ட கல்பாலம் நெடுங்காலம் சாலையையும் மீட்டர் பாதையையும் சேர்த்தே சுமந்தது. அகலப்பாதை வந்தபோது ரயில்வே பக்கத்தில் புதிய பாலம் கட்டிப் பழைய பாலத்துக்கு ஓய்வு கொடுத்தது. இன்று அது பாரம்பரியச் சின்னம். புதிய எடையைப் பழைய கல்லின்மேல் ஏற்றக்கூடாது என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தடத்தின் இருமருங்கும் இருந்த பழைய சுவர்களைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எழ வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு இலண்டனுக்குப் போக வேண்டும்.

ஹாம்மர்ஸ்மித்–சிட்டி ரயில்பாதை 1864 ஜூனில் திறக்கப்பட்டது. அதன் அருகில் பிராண்ட் என்னும் தம்பதியருக்கு ஒரு வீடு. அவர்களது நிலத்தில் ஒரு சாண்கூட எடுக்கப்படவில்லை. ஆனால் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் வீடு அதிர்ந்தது. வாடகை மதிப்பும் விலைமதிப்பும் குறைந்தன. அதிர்வால் நேர்ந்த மதிப்பிழப்பு 272 பவுண்டு என்று நடுவர்குழு மதிப்பிட்டது. இழப்பு உண்மை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வழக்கு முழுவதும் அதைக் கொடுக்க வேண்டுமா என்பதைப் பற்றியதே. முதல் நீதிமன்றம் ரயில் நிறுவனத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் பிராண்ட் வென்றார். 1869இல் பிரபுக்கள் அவை அதை மீண்டும் புரட்டியது.

அந்தத் தீர்ப்பின் தருக்கம் எளிது. எளிமையிலேயே அதன் கொடுமை இருக்கிறது. ரயில் ஓட்ட நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதித்துள்ளது. அதிராமல் எந்த ரயிலும் ஓட இயலாது. ஆகவே ரயிலை அனுமதித்த நாடாளுமன்றம் அதிர்வையும் அனுமதித்ததாகவே கொள்ள வேண்டும். நட்ட ஈட்டுப் பிரிவுகளோ பாதையை அமைக்கும்போது நேரும் சேதத்தைப் பற்றியவை. பாதையைப் பயன்படுத்தும்போது நேர்வதைப் பற்றியவை அல்ல. செம்ஸ்ஃபோர்டு பிரபுவும் கொலன்சே பிரபுவும் இப்படிக் கருத, கெய்ர்ன்ஸ் பிரபு மட்டும் மாறுபட்டார். பிரபுக்களுக்கு ஆலோசனை சொன்ன நீதிபதிகளில் ரயிலின் பக்கம் நின்றவர் பிளாக்பர்ன். தன் நிலத்தில் ஆபத்தான பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பவன், அது தப்பிச் சென்று அயலானுக்குக் கேடு செய்தால் கவனக்குறைவு இல்லாவிடினும் பொறுப்பாவான் என்னும் ரைலண்ட்ஸ் விதியை 1866இல் வகுத்தவரும் அவரேதான். நீர்த்தேக்கத்துக்குப் பொருந்திய கண்டிப்பு, சட்டத்தின் அனுமதி பெற்ற ரயிலுக்குப் பொருந்தவில்லை. சட்ட மாணவர்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு பாடங்களில் படிப்பதால் இந்த முரண் பலர் கண்ணில் படுவதில்லை.

பத்தே ஆண்டுகளில், 1879இல், அதே இலண்டனில் வேறொரு அதிர்வு வழக்கு. விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய உரல்களில் பொருள்களை இடித்துவந்தார். அவருக்குப் பின்புறம் குடிவந்த மருத்துவர் ஒருவர் தம் தோட்டத்தின் கோடியில் நோயாளிகளைப் பார்க்கும் அறையைக் கட்டினார். கட்டியபின், உரல் இடிக்கும் ஓசையும் அதிர்வும் தாளவில்லை என்று வழக்குத் தொடுத்தார். உரல் முன்பே இருந்தது, அறை பிறகே வந்தது என்பது செல்லுபடியாகவில்லை. மிட்டாய்க்காரருக்குத் தடையுத்தரவு கிடைத்தது. இதுவே ஸ்டர்ஜஸ் – பிரிட்ஜ்மன் வழக்கு. 'இடையூறு இருக்கும் இடத்துக்கு நீயே வந்தாய்' என்பது எதிர்வாதம் ஆகாது என்பதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அருகே பின்னர் வந்த ரயிலிடம் பிராண்ட் குடும்பத்துக்கு ஒரு காசும் பெயரவில்லை. உரலுக்கு அருகே பின்னர் வந்த மருத்துவர் உரலையே நிறுத்திவிட்டார். அதிர்வின் அளவோ, யார் முந்தி வந்தார் என்பதோ முடிவைத் தீர்மானிக்கவில்லை. அதிரச் செய்தவரின் கையில் ஒரு சட்டம் இருந்ததா என்பதே தீர்மானித்தது. உரலுக்கு ஒரு பக்கம் இடி என்பார்கள்; மிட்டாய்க்காரரின் உரலுக்கு நீதிமன்றத்திலும் ஓர் இடி.

இந்தியாவுக்கு இவ்விரு போக்குகளும் அப்படியே வந்து சேர்ந்தன. உரல் இங்கே மாவு மில் ஆயிற்று. 1960இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், தத்தா மல் – லோத் பிரசாத் வழக்கில், அண்டை வீட்டில் நிறுவப்பட்ட மின்சார மாவு மில்லின் ஓசையும் அதிர்வும் தனியார் இடையூறு ஆகும் என்று ஏற்றுத் தடைவிதித்தது. ரயிலின் கதை வேறு. 1890ஆம் ஆண்டு இந்திய ரயில்வேச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பாதைப் பணிகளுக்கான அதிகாரங்களைச் செலுத்துகையில் இயன்ற அளவு குறைவாகவே சேதம் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு ஈடு தர வேண்டும் என்றது. கூடவே, அதற்காக உரிமையியல் வழக்குத் தொடுக்கும் வழியை அடைத்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டமும் 15ஆம் பிரிவில் அதே அமைப்பைத் தொடர்கிறது. இரண்டிலும் பேசப்படுவது பணிகளின்போது நேரும் சேதமே. நிலம் கையகப்படுத்தும் சட்டங்கள் 1894 முதல் இன்றுவரை, ஒருவரது நிலத்தின் ஒரு பகுதி எடுக்கப்பட்டால் எஞ்சிய பகுதிக்கு நேரும் பாதிப்பையும் ஈட்டில் சேர்க்கின்றன. ஒரு சாணும் எடுக்கப்படாதவர், பிராண்ட் குடும்பத்தைப் போலவே, அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பொதுப்பணிக்கு விலக்கு என்னும் இந்தத் தருக்கம் எப்போதும் ரயிலுக்கே உதவியது என்றும் எண்ணிவிடலாகாது. கனமழையில் கார்வேட்டிநகரம் சமீனின் ஏரிகள் உடைந்து மதராஸ் ரயில்வேயின் பாலங்கள் சேதமுற்றன. ரைலண்ட்ஸ் விதியைக் கையிலேந்தி ரயில்வே வழக்காடியது. 1874இல் பிரிவி கவுன்சில், ஏரிகள் தொன்றுதொட்டு இந்நாட்டு மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பேணுவது சமீன்தாரின் கடமை, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாதவரை அவர் பொறுப்பல்லர் என்று தீர்ப்பளித்தது. கார்வேட்டிநகரத்து ஏரியைக் காத்த அதே வாதம்தான் இலண்டனில் பிராண்ட் வீட்டைக் கைவிட்டது. என் பார்வையில் இது அந்த வாதத்தின் நேர்மைக்குச் சான்றன்று. அதன் வெறுமைக்கே சான்று. எது பொதுநலம் என்பதை ஒருமுறை முடிவுசெய்துவிட்டால், அதற்குப் பக்கத்தில் இருப்பவர் எவராயினும் அவரது இழப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

சட்டம் மூடிய கதவைப் பொறியியல் ஒருமுறை திறந்திருக்கிறது. 1900இல் இலண்டனில் சென்ட்ரல் லண்டன் ரயில்வே என்னும் ஆழ்சுரங்க மின்ரயில் ஓடத் தொடங்கியது. மேலே இருந்த கட்டடங்கள் நடுங்கின. சீப்சைடில் வரைபட அலுவலகங்களில் வேலை செய்தோர் நேர்கோடு போட முடியவில்லை என்று முறையிட்டதாகச் சொல்வார்கள். இம்முறை முறையிட்டவர்கள் செல்வாக்குள்ளவர்கள். 1901இல் வணிக வாரியம் ரேலி பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மல்லாக் என்னும் அறிஞர் கருவிகளைக் கொண்டு வீடுகளின் அதிர்வை அளந்தார். காரணம் தெளிவாயிற்று. எஞ்சினின் எடை 44 டன். அதில் 33 டன்னைச் சுருள்வில்கள் தாங்கவில்லை. மோட்டாரின் சுழலும் பகுதி அச்சின்மேலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்ததால், தண்டவாளத்தின் ஒவ்வொரு மேடுபள்ளமும் சம்மட்டி அடியாகத் தரைக்கு இறங்கிற்று. பல்சக்கரம் வைத்த இலேசான மோட்டார்களையும், பிறகு பெட்டிகளிலேயே மோட்டார் அமைந்த தொடர்களையும் ஓட்டிப் பார்த்தார்கள். 1903இல் எஞ்சின்கள் விலக்கப்பட்டு மோட்டார்ப் பெட்டித் தொடர்கள் வந்தன, அதிர்வு தணிந்தது.

'அதிராமல் எந்த ரயிலும் ஓட இயலாது' என்பதே 1869 தீர்ப்பின் அடித்தளம். 34 ஆண்டுகளில் அந்த அடித்தளம் பொறியியல் அளவில் தகர்ந்துவிட்டது. அதிர்வு ரயிலின் இயல்பு அன்று. குறிப்பிட்ட எடை, குறிப்பிட்ட சக்கரம், குறிப்பிட்ட தண்டவாளம், குறிப்பிட்ட வேகம் ஆகியவற்றின் விளைவு. ஆனால் தீர்ப்பு நின்றது. இங்கிலாந்தில் 1973இல்தான் நில ஈட்டுச் சட்டம், நிலம் எடுக்கப்படாதவருக்கும் புதிய பொதுப்பணிகளின் பயன்பாட்டால் வரும் ஒலி, அதிர்வு, புகை முதலியவற்றுக்கு ஈடு தர வழிசெய்தது. அதிலும் ஒரு முள் உண்டு: ஏற்கெனவே உள்ள பயன்பாடு வெறுமனே மிகுவதை அது மாற்றமாகக் கருதாது. நேற்று இரவுக்கு இரண்டு சரக்கு வண்டிகள், இன்று எட்டு என்பவருக்கு அச்சட்டமும் துணைநிற்பதில்லை.

அளப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். இலண்டனில் முறையிட்டோருக்குக் கருவி நண்பனாக வந்தது. எப்போதும் அப்படி வருமா? மைசூருக்கு அருகே நிகழ்ந்த இன்னோர் அதிர்வுப் போராட்டம் இதற்கு விடை சொல்கிறது. அங்கே ரயில் இல்லை, கல்குவாரி வெடி.

கிருஷ்ணராஜசாகர் அணை 1911இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக் கட்டப்பட்டது; சிமெண்டுக்கு மாறாகச் சுர்க்கிக் கலவையில் கட்டிய கல்லணை. அதற்குச் சில கிலோமீட்டர் தொலைவில் பாண்டவபுரம் வட்டத்துப் பேபி பெட்டா என்னும் குன்றுப்பகுதியில் குவாரிகள் பெருகின. வெடிச்சத்தம் கேட்கிறது, நிலம் நடுங்குகிறது என்று சுற்றுவட்டாரத்தார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2018 செப்டம்பரில் கேட்ட பெரும் ஓசையை அணைப்பகுதியில் இருந்த மாநிலப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் கருவி பதிவுசெய்தது. வெடியே காரணம் என மையம் கருத்துரைத்தது. மக்கள் சொன்னபோது புகாராக இருந்தது, கருவி சொன்னதும் செய்தியாயிற்று. 2024 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அணையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் குவாரிப் பணிகளை, பாதுகாப்பு ஆய்வு முடியும்வரை தடைசெய்தது.

இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது அடுத்த திருப்பம். பாதிப்பை அறிவியல் முறையில் அளக்கச் சோதனை வெடி வைக்கலாம் என்று நிபுணர்கள் முன்வந்தபோது அதை எதிர்த்தவர்கள் விவசாயிகள். எதிர்ப்பால் சோதனை தள்ளிப்போயிற்று. அறிவியலுக்கு எதிரான பிடிவாதம் என்று நகரத்தில் சிலர் இதை எளிதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வுக்கென்று அளந்து வைத்த சிறு வெடி வரம்புக்குள் இருந்தால் அந்தத் தாளே நாளைக்கு உரிமம் ஆகிவிடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். எதை, எப்போது, யார் அளப்பது என்பதில்தான் வழக்கின் பாதி அடங்கியிருக்கிறது.

வரம்பு என்பது என்ன? சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வெடி அதிர்வுக்கு வரம்பு விதிக்கிறது. சாதாரண வீடுகளுக்கு, மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், நொடிக்கு 5 மில்லிமீட்டர். வரலாற்றுச் சின்னங்களுக்கு 2 மில்லிமீட்டர். சுவர் விரிசல் காணுமா என்பதே இந்த எண்களின் கேள்வி. மனித உடலோ வேறு கருவி. கட்டுமானப் பணிகளுக்கான பிரிட்டிஷ் தரநிலை, குடியிருப்பில் நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் அதிர்வே உணரப்படும் என்றும் 1 மில்லிமீட்டரில் முறையீடு எழ வாய்ப்புண்டு என்றும் கூறுகிறது. ஆக, மனிதர் உறங்க முடியாத அளவுக்கும் சுவர் விரிசல் காணும் அளவுக்கும் இடையே பல மடங்கு அகலமான ஒரு வெளி கிடக்கிறது. சரக்கு ரயிலை எதிர்ப்போர் பெரும்பாலும் வாழ்வது அந்த வெளியில். அவர்கள் 'சுவர் விரிசல் விடுகிறது' என்று எழுதும்போது, வெயிலும் மண்ணும் அஸ்திவாரமும் கூட விரிசலுக்குக் காரணமாகும் என்று எளிதில் மறுத்துவிடலாம். 'உறங்க முடியவில்லை' என்று எழுதினாலோ அதைப் பதிவுசெய்ய ஒரு பத்தியே படிவத்தில் கிடையாது. சுவருக்கு ஒரு வரம்பு உண்டு, சின்னத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அணைக்கு ஒரு நீதிமன்ற ஆணை உண்டு. படுத்திருப்பவருக்கு எதுவும் இல்லை. இதனால் மனு எழுதுவோர் தங்கள் உண்மையான துன்பத்தை விட்டுவிட்டு, மெய்ப்பிக்கக் கடினமான விரிசலையே முன்னே வைக்க நேர்கிறது. பிராண்ட் வழக்கும் வீட்டின் மதிப்பைப் பற்றியே பேசிற்று. அவ்வீட்டில் வாழ்ந்தோரின் இரவுகளைப் பற்றிப் பேசவில்லை.

இறுதியாக ஓர் ஆவணம் பற்றி. ரயில்வே பல தடங்களில் சக்கர மோதல் சுமையைக் கண்டறியும் கருவிகளை நிறுவியிருக்கிறது. பிரேக் இறுகிச் சக்கரம் தேய்ந்து அதன் வட்டத்தில் தட்டையான இடம் உண்டானால், ஒவ்வொரு சுற்றிலும் அது தண்டவாளத்தை அடிக்கும். எந்தப் பெட்டியின் எந்தச் சக்கரம் எவ்வளவு வலுவாக அடிக்கிறது என்பதை அக்கருவி எழுதிவைக்கிறது. தண்டவாளமும் அச்சும் முறியாமல் காப்பதே அதன் நோக்கம். அந்த எண்கள் பெட்டி பராமரிப்புப் பிரிவுக்குப் போகின்றன. தண்டவாளத்தை அடிக்கும் அதே சக்கரம்தான் பக்கத்து வீட்டையும் அடிக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு தடத்தில் ஓராண்டில் ஓடிய சரக்குத் தொடர்களின் எண்ணிக்கை, அவற்றின் இரவு நேரங்கள், அனுமதிக்கப்பட்ட வேகம், மோதல் வரம்பைத் தாண்டிய சக்கரங்களின் கணக்கு ஆகியவற்றைக் குடியிருப்போர் கேட்டுப் பெற்றால், விரிசல் விட்ட சுவரின் ஒளிப்படத்தைவிட வலுவான சான்று அவர்கள் கையில் இருக்கும். மைசூரு–நஞ்சன்கூடு தடத்துக்கு இதை யாரேனும் முதுகலை ஆய்வேடாக எடுத்துச் செய்ய விரும்பினால் எழுதுங்கள். நில வரைபடங்களைப் படிப்பதில் என்னால் இயன்ற உதவியைச் செய்கிறேன்.